மலைச்சாமியிடம் மொகாகே கேட்டது

தேனீ வளர்ப்பவர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களை எரிமலைக் குழம்பு பாய்ந்த இடத்துக்குக் கூட்டிப்போகும் நாளாகப் பார்த்து எனங்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. இன்றைய கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் மிச்ச இரண்டு நாளும் அவளுக்கே, இல்லாவிட்டால் லிம்பேயில் வேறு ஆள் பார்ப்பேன் என்று மாநாடு நடத்தும் மேடம் ஞாம்சி கறாராகச் சொல்லியிருந்தார். வழிகாட்டிக்கு வாய்தானே பிழைப்பு?

"நான் பேசறேன்," என்றான் மொகாகே.

மொகாகே பஸ் டிரைவர். ஆறு வருஷமாக அவளோடு இந்த ரோட்டில் ஓட்டுகிறான். 'போலாமா', 'டீசல் போடணும்' தவிர அவன் வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். குரல் இருந்திருந்தால் இப்போதும் சிரித்திருப்பாள்.

லிம்பேயைத் தாண்டியதும் ஆள் ஆரம்பித்துவிட்டான். தொண்ணூற்றொன்பதில் மலை வெடித்தது, குழம்பு நாள்கணக்கில் காட்டையும் பனைத் தோட்டத்தையும் தின்றுகொண்டு இறங்கியது, கடலோர ரோட்டை மூடியது, பக்கிங்கிலி ஊரை மட்டும் தொடாமல் விட்டது. எல்லாம் அவள் சொல்லும் அதே வார்த்தைகள். அவள் சிரிக்கவைக்கும் வளைவில் இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். காதில் எதுவும் விழாதவன்போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஒரு சொல் விடாமல் சேர்த்துவைத்திருக்கிறான்.

இறங்கியதும் கூட்டம் கறுப்புப் பாறையைப் பார்த்து நடந்தது. எனங்கா ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தாள். பாதி மனுஷனும் பாதி கல்லுமான மலைச்சாமியிடம் கேட்காமல் அங்கே கால் வைத்தால், வழியை மறக்கடித்துவிடும். சாமிக்கு ஊற்றும் கள் பாட்டிலை மொகாகேயிடம் நீட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் வேண்டிக்கொள்ளும் நேரத்தில் அவன் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருப்பான்.

கள்ளை ஊற்றினான். அவனும் அவளும் வீட்டில் பேசி வளர்ந்த பக்வேரி மொழியில் மெதுவாகச் சொன்னான்.

"சாமி, இவங்க விருந்தாளிங்க, பத்திரமா திருப்பி அனுப்பு. எனக்குன்னு உங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இவ குரலத் திருப்பிக் குடுத்துடு. அதக் கேக்காத நாள்ல எனக்கு வண்டியே ஓடமாட்டேங்குது. பக்கத்துலதான் நிக்கறா. நேரா சொல்லத் தைரியமில்ல, அதான் உங்கிட்ட."

தேனீக்காரர்களுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. மரியாதையாகத் தலையைக் குனிந்து நின்றார்கள். எனங்காவுக்குப் புரிந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சுற்றிப்பார்த்துத் திரும்பியதும், மிச்ச இரண்டு நாளும் நீங்கள் இரண்டு பேருமே வாருங்கள் என்றார் மேடம் ஞாம்சி. நாளைக்கு எனங்காவே பேசிவிடுவாள், நான் எதற்கு என்று மொகாகே அவசரமாக நழுவப் பார்த்தான்.

எனங்கா அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கரகரவென்றுதான் வந்தது, ஆனாலும் குரல்தான்.

"நீங்க கேட்டத சாமி குடுத்துடுச்சு. மிச்சத்த எங்கிட்டயே கேளுங்க."