முதல் பதினைந்து நிமிஷம்

“நீ மொதல்ல இருந்து பாத்தியா?” என்று ராஜேஷ்குமார் ஒருமுறை ஹம்சவேணியைக் கேட்டார்.

சிம்மக்கல் பக்கம் இருக்கும் ஒரு பழைய தியேட்டரில் அவர் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவர். அவள் கேன்டீனில் டீ ஊற்றுகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு படத்தைப் பற்றி, “அந்த வில்லன் பாவம்ணே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதற்குத்தான் அந்தக் கேள்வி. இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்புறம் என்னத்துக்குப் பேசுற? ஆரம்பத்துல அவன் செஞ்சதப் பாத்திருந்தா பாவம்னு சொல்லுவியா?”

பக்கத்தில் நின்ற பார்க்கிங்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்தைப் பற்றியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

முதலிலிருந்து பார்ப்பது அவளால் ஆகிற காரியமில்லை. படம் போட்டபிறகும் பதினைந்து நிமிஷத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் சமோசாவும் டீயும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டம் வடிந்த பிறகுதான் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திரைச்சீலை ஓரமாக நின்றுகொள்வாள். இரண்டு வருஷமாக அவள் பார்த்த படங்கள் எதற்கும் ஆரம்பமே கிடையாது. உள்ளே போகும்போது யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருப்பார்கள், யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை எழுதிய ஐந்து நோட்டுகளைப் பாப்கார்ன் சோள மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நேர்ந்ததும் ஒரு ஆரம்பம்தான். எட்டாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், பெயரைக் கூப்பிட்டபோது அவளுக்குச் சத்தம் எழவில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசிப் பழகியவளுக்கு, நாற்பது பேர் திரும்பிப் பார்த்ததும் தமிழ் தொண்டையிலேயே நின்றுவிட்டது. “ஊமையா நீ?” என்றார் டீச்சர். அவ்வளவுதான். அதன் பிறகு நல்ல மார்க் வாங்கினால் காப்பி அடித்தாள் என்றார்கள். பதில் சொன்னால், “டேய், ஊமை பேசுதுடா” என்றார்கள். பத்தாம் வகுப்பின் பாதியில் நின்றுகொண்டாள்.

இந்த வருஷம் தைக்குப் பிறகு அந்தப் படம் வந்தது. மதுரைக்காரர்கள் எடுத்தது. நடித்தவர்களில் பாதிப் பேர் சுற்று வட்டாரத்து ஆட்கள். முதல் நாளே வாசலில் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றவர்களிடம் வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “ஆரம்பம் மிரட்டிருச்சுண்ணே.” அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. இரண்டாம் பாதியில் கோர்ட் காட்சி முழுக்கக் கதாநாயகனின் சட்டை நீலமாகவும் பச்சையாகவும் மாறி மாறி வந்தது. கதை நகராமல் ஒரே இடத்தில் நின்றது. ஒருத்தரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் பத்து நிமிஷத்தில் வாயைப் பிளந்தவர்கள், பிளந்த வாயோடுதான் வெளியே வந்தார்கள்.

ஹம்சவேணிக்கு அந்தப் படத்தில் பிடித்தது அத்தைதான். காதோரம் வெந்து சுருங்கிய தழும்போடு ஒரு சின்னப் பெண். அவளை வளர்க்கும் அத்தை. தலை சீவும்போது தழும்பு பக்கம் சீப்பைக் கொண்டுபோக மாட்டாள், விரலாலேயே முடியைக் கோதிவிடுவாள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரும்போது கஞ்சியை ஊதி, தன் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஊட்டுவாள். அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது.

“கொதிக்கக் கொதிக்க ஊத்துனவ, இப்ப ஊதி ஊதி ஊட்டுறாளாம்,” என்று ஒருவன் கத்தினான்.

“நடிக்கிறா பாரு மாப்ள, நம்பிராத.”

என்னத்தை ஊற்றினாள் என்று ஹம்சவேணிக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த உதடும் அந்த விரலும்தான். அன்றைக்கு நான்கு பக்கம் எழுதினாள். ‘கஞ்சியைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாள். சுட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்தான் அப்படிச் செய்வாள். இந்தப் படத்தில் அன்பு உள்ள ஒரே ஆள் இவள்’ என்று அதில் ஓர் இடம்.

எட்டாம் நாள் மேட்னி இடைவேளையில் கேன்டீன் பக்கம் ஒரு கூச்சல். ஆரஞ்சுப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண்ணைச் சுற்றி ஆட்கள் செல்போனோடு நின்றார்கள். “வெந்நி அத்த, இங்கிட்டுப் பாருங்க.” “யம்மா, பிள்ளையப் பின்னால இழு, அத்த கையில டீ இருக்கு.” ஒருவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் காலடியில் ஊற்றிவிட்டு, “எப்புடி இருக்கு?” என்றான். அவள் முதலில் சிரித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு எங்கோ போய்விட்டது. கையிலிருந்த டீ சேலையில் சிந்தியது.

மணி அடித்துக் கூட்டம் உள்ளே போனதும் அவள் மட்டும் கேன்டீன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அத்தையாக நடித்த அவள் பரவை மார்க்கெட்டில் கீரைக்கட்டு விற்கிறவள். பெயர் பாண்டியம்மாள்.

“ஒரு துணி குடு தாயி,” என்றாள். சேலையைத் துடைத்துக்கொண்டே, யாரும் கேட்காமலே சொன்னாள்: “மார்க்கெட்டுல வந்து டைரக்டரு கேட்டாரு. கொதிக்கிற வெந்நியக் கொல்லையில ஊத்துக்கா, மூஞ்சில ஒன்னும் காட்டாதன்னாரு. ஊத்துனேன். நான் ஊத்தையில அங்கிட்டு ஒரு ஈ காக்கா இல்ல. ஒத்த முருங்க மரந்தான் நின்னுச்சு. அந்தப் பிள்ளைய வேற நாள்ல உக்கார வச்சு எடுத்திருக்காக. நடுவுல வரும்னு சொன்னாரு, எதுக்கு ஊத்துனேன்னு அதுல ஒரு காரணமும் இருந்துச்சு. இப்பப் பாத்தா அதையே தலைமாட்டுல கொண்டுவந்து வச்சுட்டாரு. காரணத்த வெட்டிப் போட்டாரு.”

ஹம்சவேணி துணியை இன்னொரு தடவை நனைத்துக் கொடுத்தாள்.

“எங்கிட்ட வாங்குற ஆளுக சிரிச்சுக்கிட்டே அடுத்த கடைக்குப் போறாக. அது போகட்டும். என் தம்பி மக ராக்கு, அஞ்சு வயசு. பெறந்ததுல இருந்து நாந்தான் குளிக்க வாக்குறேன். படத்தப் பாத்துட்டு வந்ததுல இருந்து, நான் வாளியத் தூக்குனா ஓடி ஒளியுது. அவ ஆத்தா சரண்யாவும் சேந்துக்கிட்டு, இனி நானே வாத்துக்கிறேன் மதினிங்கிறா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஒத்தக்கடையில அவ அப்பன் வீட்டோட போயிருவேங்கிறா.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீயாச்சும் சொல்லு தாயி. நான் நடிச்சது அம்புட்டுக் கேவலமாவா இருந்துச்சு?”

இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஹம்சவேணி அப்போது சொன்னாள். மேசையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“நான் உங்களப் பத்தி நோட்டுல எழுதியிருக்கேங்க்கா. நாலு பக்கம்.”

“நல்லதாவா?”

“நல்லதாத்தான்.”

பாண்டியம்மாள் அவளையே பார்த்தாள். “எனக்கு வாசிக்கத் தெரியாது. திங்கக்கெழம வாரேன். சரண்யாவையும் பிள்ளையையும் கூட்டியாரேன். அதுக காதுல விழுற மாதிரி அம்புட்டையும் வாசிச்சுக் காட்டு. வெளியாளு ஒருத்தி சொன்னா கேப்பா. செய்வியா?”

“செய்றேங்க்கா.”

சமோசா எடுக்க வந்த ராஜேஷ்குமாருக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் விடவில்லை. “எழுத்தாளரம்மா, அந்த நோட்டக் காட்டுறது. ஆரம்பமே பாக்காம நாலு பக்கமா? சரண்யா கேட்டா என்ன சொல்லுவ, மொதல்ல பாக்கலைன்னா? படம் பாக்காதவ எழுதுன சர்ட்டிபிகேட்ட வச்சு அந்தம்மா என்ன செய்யும்?”

அவர் வம்புக்குத்தான் சொன்னார். அவளுக்கோ அது நியாயமாகப் பட்டது. இரவெல்லாம் அது உறுத்தியது. முதலிலிருந்து பார்த்துவிட்டு வாசித்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது. தண்ணீர் யார் மேலும் விழவில்லை, முருங்கை மரம்தான் நின்றது என்று தெரிந்துகொண்டு பார்க்கிறவளை ஒரு காட்சி என்ன செய்துவிடும்?

“நாளைக்குக் காலைக் காட்சிக்கு ஒரு கால்மணி நேரம் கேன்டீனப் பாத்துக்குவீங்களாண்ணே?” என்று சனிக்கிழமை அவரிடம் கேட்டாள்.

“அட, ஜோராப் போ,” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. ஒரு கொல்லைப்புறம். வெயில். படிக்கட்டில் ஒரு சின்னப் பெண், யாரோ தின்றுவிட்டுப் போட்ட தட்டை வழித்து நக்கிக்கொண்டிருக்கிறது. கதவு திறக்கிறது. ஆவி பறக்கும் பானையோடு அத்தை வருகிறாள். கீழே பார்க்கிறாள். முகத்தில் ஒன்றுமில்லை, கோபம்கூட இல்லை. பானையைச் சாய்க்கிறாள். பிறகு அந்தச் சத்தம். சத்தம் நிற்பதற்குள் திரை கறுத்துப் படத்தின் பெயர் வந்தது.

பக்கத்து நாற்காலிக்காரி, “அடிப் பாவி,” என்றாள்.

ஹம்சவேணியின் இடது காது சுட்டது. முருங்கை மரம், முருங்கை மரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மரம் வரவில்லை, அந்த முகம்தான் வந்தது.

கால்மணி நேரம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. தலை சீவுகிற காட்சி வந்தது. அதே விரல், அதே கோதல். அந்த விரல் தழும்பை நெருங்கும்போது அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது அமுக்கப் போகிறாளோ என்றுதான் தோன்றியது. கஞ்சிக் காட்சியில் கரண்டி உதட்டுக்குப் போனது. ஊரை ஏமாற்றச் செய்கிற வேலையாக அது தெரிந்தது. “நடிக்கிறா,” என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்து நோட்டை எடுத்துப் படித்தாள். கையெழுத்து அவளுடையது. எழுதியவள் வேறு யாரோ போலிருந்தது. வெந்நீர் பட்டால் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒரு முட்டாள் பெண் எழுதியதாக இருந்தது. கிழித்துவிடலாமா என்று பார்த்தாள். கிழிக்கவில்லை. எழுதினது எழுதினதுதான், அப்படியே வாசித்துவிட்டால் போதும், அவள் மனசுக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

திங்கட்கிழமை காலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் வந்தார்கள். பாண்டியம்மாள் சாதாரணச் சேலையில், ஒரு பை நிறையக் கீரையோடு வந்தாள். “ஒனக்குத்தான் தாயி, வீட்டுக்குக் கொண்டு போ.” சரண்யா இடுப்பில் கை வைத்துத் தள்ளியே நின்றாள். ராக்கு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தியேட்டர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தது. வேலையில்லாத ராஜேஷ்குமார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சரண்யா, இந்தப் பிள்ள மொதல்ல இருந்து பாத்துட்டாளாம். நேத்துப் பாத்தாளாம், இந்த அண்ணன் சொல்றாரு,” என்றாள் பாண்டியம்மாள். “வாசி தாயி.”

டீ கிளாஸ் அலசக் காய்ச்சி இறக்கிய வெந்நீர்ச் சட்டி மேசை ஓரத்துத் தட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஹம்சவேணி நோட்டை விரித்தாள். எட்டாம் வகுப்பில் எழாத சத்தம் இப்போது எழுந்தது. “தலை சீவும்போது தழும்பு பக்கம் சீப்பைக் கொண்டுபோக மாட்டாள்…”

நிறுத்தாமல் வாசித்தாள். ஒரு பக்கம் முடிந்தது. சரண்யா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“இது மதினி நெசமாவே செய்யுறதுதான்,” என்றாள் மெதுவாக. “ராக்குக்குப் பொடுகு வந்தப்ப இப்பிடித்தான் கையாலயே கோதிவிட்டாக.”

பாண்டியம்மாள் சேலை முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். அவள் முகம் பத்து வயது குறைந்துபோயிருந்தது. ராக்கு முந்தானையை விட்டுவிட்டு மேசைப் பக்கம் வந்தது. நோட்டில் என்ன படம் போட்டிருக்கிறது என்று பார்க்க எக்கி, மேசை விளிம்பைப் பிடித்துத் தொங்கியது. சட்டி ஓர் ஆட்டம் ஆடியது.

ஹம்சவேணி இரண்டாம் பக்கத்தில் இருந்தாள். “கஞ்சியைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு…”

பிள்ளை மேல் கவிழ்ந்துவிடாமல் இருக்கப் பாண்டியம்மாள் எட்டிச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். ஆவிக்குப் பின்னால் அந்த முகம். சூட்டைப் பொறுத்துக்கொண்ட முகத்தில் ஒன்றுமே இல்லை.

நோட்டு கீழே விழுந்தது. ஹம்சவேணி ராக்குவின் கையைப் பிடித்து வெடுக்கென்று மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்தாள். முழுக்கத் தன் உடம்பால் மறைத்து, பாண்டியம்மாளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டாள். தன்னை அறியாமல் செய்துவிட்டாள். அவள் செய்து முடிப்பதற்குள் சரண்யாவும் பாய்ந்து வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். ராக்கு வீறிட்டது.

ராஜேஷ்குமார்கூட ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். சிரிக்கவில்லை.

ஹம்சவேணி திரும்பிப் பார்த்தாள். பாண்டியம்மாள் சட்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை சிவந்துகொண்டு வந்தது. “அக்கா,” என்று சொல்ல வாயெடுத்தாள் ஹம்சவேணி. எட்டாம் வகுப்பு முதல் நாளைப் போலவே சத்தம் எழவில்லை.

பாண்டியம்மாள் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் சட்டியைத் தரையில் வைத்தாள். யார் காலிலும் படாத மூலையாகப் பார்த்து வைத்தாள். விரிந்து கிடந்த நோட்டை மிதிக்காமல் தாண்டினாள். தம்பி மகளைப் பார்க்கவில்லை. சிவந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, போஸ்டரைக் கடந்து, வெயிலில் இறங்கி, பஸ் போகிற பக்கமாக நடந்து போய்விட்டாள்.