நடுக்கத்தில் பிடித்த பூஜ்யம்

மழை விட்ட வாரத்திலிருந்து நடனக்காரி அசையாமல் இருந்தால் அவள் உடம்பிலிருந்து சத்தம் வரும், ஆடினால் நின்றுவிடும்.

அவள் குழுவில் இசைக்கருவி என்பது மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டும் நான்கு பட்டைகளும் ஒரு கம்ப்யூட்டரும்தான். கையைத் தூக்கினால் சுரம் ஏறும், காலை இழுத்தால் தேயும். மேடையேறுமுன் பத்து எண்ணும்வரை ஆடாமல் நிற்க வேண்டும். அந்த நிலையைக் கம்ப்யூட்டர் மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். இதற்குப் பூஜ்யம் பிடிப்பது என்று பெயர். மழை விட்ட வாரத்தில் நடந்த நிகழ்ச்சியில், பூஜ்யம் பிடிப்பதற்குச் சற்று முன்பு, மேடை விளக்கு மாட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி ஏணியிலிருந்து விழுந்தான். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அரங்கம் நிறைந்துவிட்டது என்று இவளை மேடைக்குத் தள்ளினார்கள். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு தம்பிதான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கம்ப்யூட்டர்காரர் திரையைப் பார்த்துப் பத்து எண்ணினாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை. நடுக்கமே மௌனமாகப் பதிந்துவிட்டது.

அன்று ஆட்டத்தில் அவள் அசையாமல் நின்றபோதெல்லாம் ஓர் ஓலம் எழுந்தது. புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. இந்த மாதிரி விஷயத்தில் அவை எப்போதும் கொஞ்சம் தாராளம்தான். பட்டைகளைக் கழற்றிய பிறகும் ஓலம் போகவில்லை. விரல் மட்டும், தோள் மட்டும், கழுத்து மட்டும் என்று அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முழு உடம்பும் ஆடினால்தான் அடங்கியது.

தம்பி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். சின்னச் சத்தம்கூட ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே பார்வை நேரம் முழுவதும் அவள் வெறுங்காலோடு, வாய் திறக்காமல், கட்டிலைச் சுற்றி ஆடினாள். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனது. “கொஞ்சம் உக்காருங்கம்மா” என்பார் நர்ஸ். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

தொண்ணூறாம் நாள் கால் மடங்கி விழுந்தாள். எழ முடியவில்லை. ஓலம் வார்டை நிறைத்தது. தம்பியைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள். அவன் கண் திறந்தான்.

“இப்பதான் வந்தியாக்கா?”

“தினமும் வந்தேன்டா.”

“எல்லார் பேச்சும் கேட்டுச்சு. நீ மட்டும் வரவே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அதன்பின் நான்கு நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஐந்தாம் நாள் அவன் மூச்சு நின்று, கட்டில் காலியாயிற்று. அவள் அந்த நாற்காலியிலேயே இருக்கிறாள். வார்டில் எல்லோரும் குரலை உயர்த்தித்தான் பேசுகிறார்கள். புது நோயாளிகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது.