முதற்பக்கத்து உம்மா

"கைநாட்டா? எனக்கா?"

"உம்மா, நான் செல்றத முழுசாக் கேளுங்க—"

"யாருக்குப் புள்ள கைநாட்டு? அதச் செல்லு முதல்ல—"

"ஒரு நிமிசத்து வேலை உம்மா, மேடையில சும்மா ஒருக்கா—"

"மேடையில வேறயா!"

உம்மு குல்சூம் கையிலிருந்த கத்தியைப் பூசணித் துண்டின் மேல் அப்படியே விட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மகள் முஃப்லிஹா மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். யாரோ பறிக்க வந்தது போல.

விஷயம் இதுதான். முஃப்லிஹா பல்கலைக்கழகத்தில் நாலாம் வருடத்தை முடித்துவிட்டாள். பட்டமளிப்புக்கு முன்னால் அந்தப் பீடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியேறுகிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுவார்கள். ஆளுக்கு அரைப் பக்கம், ஒரு படம், 'என் வாழ்க்கையும் ஆர்வங்களும்' என்று தலைப்பு. நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியதில் ஒன்றைத் தெரிவுசெய்து முதற்பக்கத்தில் போடுவார்கள். எழுதியவர் அதைப் பெற்றோர் முன்னிலையில் மேடையில் வாசிக்க, தாய்க்குப் பொன்னாடை போர்த்துவார்கள். இம்முறை முதற்பக்கம் முஃப்லிஹாவுக்கு. பொன்னாடை மட்டும் போதாது என்று, விரிவுரையாளர் ஒருவரின் பொறுப்பிலுள்ள மலர்க்குழு யோசித்திருந்தது. ஒரு வெள்ளைத் துணியில் தாய் தன் பெருவிரலை மையில் தொட்டு ஒற்ற வேண்டும். துணியின் தலைப்பில் 'என்னை எழுதிய விரல்' என்று ஏற்கெனவே வர்ணத்தில் எழுதியாகிவிட்டது. சனிக்கிழமை விழா. இன்று வியாழன்.

"ஏன் நான் பெருவிரலை ஒத்தணும்? எனக்குக் கையெழுத்து இல்லயா?"

முஃப்லிஹா நிலத்தைப் பார்த்தாள்.

"கொண்டா அந்தப் பொட்டிய."

"வேணாம் உம்மா."

"கொண்டா எண்டன்."

மடிக்கணினி மேசைக்கு வந்தது. உம்மு குல்சூம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிக்கிறவளின் குரலில் உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

"'கிழிந்த வலைகளுக்கும் கிழியாத கனவுகளுக்கும் இடையே பிறந்தவள் நான்.' எந்த வலை புள்ள? இந்த வீட்டில இரிக்கிற வலை நுளம்பு வலை மட்டும்தான்."

"உம்மா, அது பொதுவா..."

"'அலையோடு போராடிய தந்தை.' யாரு, உன்ட வாப்பாவா? அல்லாஹ்வே! வெங்காயமும் பூசணியும் லொறியில ஏத்தித் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்புற மனுசன். கலியாணத்துக்கு முந்தி ஒருக்கா படகில ஏறினவரு. சத்தி எடுத்து எடுத்தே கரைக்கு வந்தவரு. அவரு அலையோட போராடினது அந்த ஒரு நாள்தான்."

"கல்பிட்டிப் பக்கம் எண்டா எல்லாரும் கடலத்தான் எதிர்பார்க்கிறாங்க உம்மா. வெங்காயத்த எழுதினா யாரு வாசிப்பாங்க?"

"வெங்காயம் தின்ன வாய் எல்லாம் வாசிக்கும். இரி, இன்னம் இரிக்கி. 'என் ஆர்வங்கள்: கடலோரத் தனிநடை, வாசிப்பு, மௌனம்.' தனிநடையா! கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கிட்டு வா எண்டா வெயில் எண்டு செல்றவ நீ. மௌனமா! உன்ட மௌனத்தக் கேட்டு அடுத்த வளவு நாய் குரைக்குது. வாசிப்பு... அத நான் விடுறன். போன் பார்க்கிறதும் வாசிப்புத்தான்."

முஃப்லிஹா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தாய் அந்த வரிக்கு வந்தபோது செய்தி வாசிக்கும் குரல் நின்றுபோனது. வாய்க்குள்தான் வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தாள்.

"'எழுத்தறியாத என் உம்மா, என் பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து எனக்குக் கதை சொன்னாள்.'"

"உம்மா..."

"தலைகீழாவா பிடிச்சன்?"

"அது ஒரு அழகுக்கு உம்மா. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க. எங்கட பெச் புள்ளைகள்ல முப்பது பேருக்கு உம்மா எழுத்துத் தெரியாதவங்க."

"முப்பது பேரிட உம்மாமாரையும் நீ கண்டியா?"

"இல்ல."

"அப்ப அதில எத்தினை பேர் இப்ப வீட்டில கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிச்சுப் பார்த்து நெஞ்சில அடிக்கிறாங்களோ!"

உம்மு குல்சூம் உயர்தரம் எழுதியவள். இரண்டு பாடம் சித்தி, ஒன்று போய்விட்டது. அதை அவள் ஒரு துக்கமாகச் சொல்வதில்லை, போனது பொருளியல், போகட்டும் என்பாள். ஆனால் அவர்களுடைய எத்தாளை ஊரில் யாருக்கு ஒரு கடிதம் தேவையோ அவர்கள் வந்து நிற்பது அவள் வாசலில்தான். பிரதேச செயலகத்துக்கு, மின்சார சபைக்கு, பொலிசுக்கு. தமிழிலும் எழுதுவாள், சிங்களத்திலும் எழுதுவாள். அஸ்வெசும உதவிப் பணம் மறுக்கப்பட்டவர்களின் மேன்முறையீட்டைப் போன வருடம் மட்டும் அறுபதுக்கு மேல் எழுதியிருக்கிறாள். மாதர் சங்கத்தின் செயலாளர் கதிரையில் பதினோரு வருடமாக அவளை அசைக்க ஆளில்லை. ஊரில் அவளுக்குத் தாஹிரின் மனைவி என்று பெயரில்லை. தாஹிருக்குத்தான் 'கடிதம் எழுதுற உம்மு குல்சூம்ட மாப்பிள்ளை' என்று பெயர்.

"என்னட்ட வாற கிழவிமார் மேன்முறையீட்டில கைநாட்டு வைப்பாங்க," என்றாள். "பக்கத்தில நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவன். நீ ஒருக்காலும் கவனிச்சிரிக்க மாட்ட. ஒரு மனுசியும் அந்த நேரம் தன்ட விரலப் பார்க்கிறதில்ல. முகத்தத் திருப்பிக்கொண்டுதான் விரலத் தருவாங்க. அவ்வளவு வெக்கம். நீ அத மேடையில வச்சு, நூத்துப் பன்னிரண்டு பேரிட உம்மா வாப்பாக்கு முன்னுக்கு, என்னய வச்சுக் கூத்தாடப்போற. கைதட்டு வேற."

"அது கௌரவம் உம்மா!"

"கௌரவம் எண்டா உன்ட சேர் தன்ட உம்மாவக் கூட்டி வந்து ஒத்தட்டும்."

"நீங்க வராட்டி என்ட பேர் நாறும். முதற்பக்கம் அச்சடிச்சாச்சு. சேர் என்னயத் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்குச் சிபாரிசு செய்றதாச் செல்லியிரிக்கார். இப்ப பொய் எண்டு தெரிஞ்சா..."

"ஓ. பொய் எண்டு உனக்கும் தெரியும்."

தாய் பூசணியை மறுபடி கையிலெடுத்துத் தோலைச் சீவத் தொடங்கினாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காக.

"சரி, இதச் செல்லு. மதுரங்குளி நிஸ்ரின் உன்னோட படிக்கிறா. அவட உம்மாவும் நானும் ஒரே வாங்கில இரிந்து ஏ.எல். எழுதினவங்க. அவ சனிக்கிழம மண்டபத்தில இரிப்பாவே. நான் எழுத்தறியாதவளாகி விரல ஒத்துறதக் கண்டா அந்த மனுசி வாய மூடிக்கொண்டா இரிக்கப்போறா?"

"அவ வரமாட்டா."

"ஏன்?"

"நிஸ்ரினுக்கிட்டச் செல்லிட்டன். அவ உம்மாவக் கூட்டி வரமாட்டா."

கத்தி நின்றது.

"தௌபா! உன்ட பொய்க்குக் காவலா அந்த மனுசி தன்ட மகள்ட விழாவுக்குப் போகாம வீட்டில இரிக்கணுமா? மாஷா அல்லாஹ்! நாலு வருசம் படிச்சதில உருப்படியா இது ஒண்டத்தான் படிச்சிரிக்க."

அப்போதுதான் முஃப்லிஹாவுக்கு அழுகை வந்தது. அழகான அழுகையல்ல. மூக்கும் சேர்ந்து வடிகிற அழுகை.

"எனக்கு எழுத ஒண்டும் இல்ல உம்மா! மூணு நாளா அந்தத் தலைப்ப வச்சுக்கொண்டு இரிந்தன். என் வாழ்க்கை. என்னத்த வாழ்க்கை? நோட்ஸ போட்டோகொப்பி அடிச்சன். ஹொஸ்டல்ல நூடுல்ஸ் அவிச்சன். சோதினைக்கு முதல் நாள் பாடமாக்கினன், அடுத்த நாள் மறந்தன். ஆர்வம் எண்டு கேட்டா எனக்கு நித்திரைதான் ஆர்வம். மத்தவளுக்கெல்லாம் ஏதோ இரிக்கி. ஒருத்திக்கு யுத்தம், ஒருத்திக்குத் தேயிலைத் தோட்டத்து லயம், ஒருத்திக்கு வாப்பா இல்ல. எனக்கு நீங்க கஷ்டமே தரல. பசிச்சா சோறு, காய்ச்சல் வந்தா டொக்டர். அத வச்சு யாரு கைதட்டுவா?"

"கஷ்டம் தரலயா. அதுக்கு மன்னிப்புக் கேக்கட்டா?"

"முதல்ல உண்மையத்தான் எழுதினன்! வாப்பா வெங்காயத் தோட்டம் செய்றவர், உம்மா சங்கச் செயலாளர், ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுறவ, எனக்குச் சமையல் வீடியோ பார்க்கப் பிடிக்கும், இனி என்ன செய்றதெண்டு தெரியாது, பயமா இரிக்கி எண்டு. சேர் அதில சிவப்பால 'உயிரில்லை' எண்டு எழுதித் திருப்பித் தந்தார்."

உம்மு குல்சூம் கத்தியைக் கீழே வைத்தாள். வெளியே தோட்டத்தில் நீர்த்தெளிப்பான் சுற்றுகிற ஓசை கேட்டது.

"அந்தப் பக்கம் எங்க?"

"அழிச்சிட்டன்."

"அதில என்ட பேர் எழுதியிரிந்தியா?"

"ஓம். உம்மு குல்சூம் எண்டு."

"இதில எங்கயும் என்ட பேர் இல்லயே. உம்மா, உம்மா எண்டு நாலு இடத்தில இரிக்கி. யாரு உம்மா எண்டு இல்ல."

மகள் மூக்கைத் துடைத்தாள்.

தாஹிர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவருக்கும் விஷயம் சொல்லப்பட்டது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் இரண்டு மடங்கு நேரமெடுத்தது. கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஒரு பெருவிரல்தானே. ஒத்திட்டு வாவன். புள்ளக்கு வேலை கிடைக்கும் எண்டா நான் பத்து விரலையும் ஒத்துவன்."

"உங்களக் கடலோட போராட வச்சிரிக்கா உங்கட மகள்."

"வைக்கட்டுமே. போராடினாப் போலத்தான் இரிக்கி உங்க ரெண்டு பேரோட." துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வீட்டில் ஏதும் முடிவெடுக்க வேண்டியிருந்தால் அவர் குளிக்கப் போவதுதான் வழக்கம்.

அந்த நேரம் முஃப்லிஹாவின் போன் அடித்தது. திரையில் 'தனஞ்சயன் சேர்'. அவள் தாயைப் பார்த்தாள். தாய் போனைப் பார்த்தாள்.

"எடு. ஸ்பீக்கரில போடு."

"முஃப்லிஹா, அம்மா பக்கத்தில இருக்கிறாவோ? விழாவைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வைக்கிறன்."

"இரிக்கிறாங்க சேர்."

விரிவுரையாளரின் குரல் சட்டென்று உயர்ந்தது. சொற்களுக்கிடையே இடைவெளி கூடியது. காது கேளாதவர்களிடமும் வெளிநாட்டுக்காரரிடமும் சிலர் அப்படிப் பேசுவார்கள்.

"அம்மா! வணக்கம்! நீங்கள்... ஒண்டுக்கும்... பயப்பிடத் தேவையில்லை. மேடையில ஏற எங்கட பிள்ளையள் கையைப் பிடிச்சு விடுவினம். அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறம். அதில என்ன இருக்கெண்டு மகள் வாசிச்சுக் காட்டுவா."

அந்த அழைப்பிதழைக் காலையிலேயே வாசித்து இரண்டு எழுத்துப் பிழையில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தவள், "ஓம் சேர்," என்றாள்.

"எழுத்தைப் படிக்காட்டியும் வாழ்க்கையைப் படிச்சவ நீங்கள். உங்களைப் போல தாய்மாரிட்டத்தான் நாங்கள் படிக்க வேணும் அம்மா."

"ஓம் சேர்."

"உங்களுக்கு ஏதும் கேக்க வேணுமெண்டால் கூச்சப்படாமல் கேளுங்கோ."

முஃப்லிஹா இரண்டு கைகளையும் கூப்பாத குறையாக நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வேணாம் உம்மா, வேணாம்.

"ஒண்டு கேக்கணும் சேர்."

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ!"

உம்மு குல்சூம் மகளின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மகள் எழுதினது நல்லா இரிக்கா சேர்? எனக்கு ஒண்டும் விளங்காது, அதுதான் கேக்கிறன்."

"மிகச் சிறப்பு அம்மா! இருபத்திரண்டு வருசமா இந்த மலருகளைப் பாக்கிறன். இப்பிடி உண்மை பேசின ஒரு பக்கம் நான் வாசிச்சதேயில்லை."

"அப்ப சரி சேர்."

அழைப்பு முடிந்தது. முஃப்லிஹா மூச்சை விட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு கன்னத்தைத் துடைத்தாள், பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு தாயைக் கட்டிப்பிடிக்க வந்தாள்.

"உம்மா! எனக்குத் தெரியும், நீங்க என்னய விட்டுக்கொடுக்க மாட்டீங்க எண்டு. நல்ல சாரி ஒண்டு எடுப்பம். அந்த நீலத்த வேணாம், அது பணக்காரத்தனமா இரிக்கி. பழசு ஏதும்..."

அந்தச் சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. பாதி வழியில் நின்றாள்.

தாய் எழும்பவில்லை. பூசணிச் சாறு பட்ட இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்து, உள்ளங்கை மேலே தெரிய மேசையில் விரித்து வைத்தாள்.

"எந்தக் கைப் பெருவிரல், மகள்? இடதா, வலதா? நீ படிச்சவ, செல்லு."