உஸ்தீன்யாவின் முடிச்சு

வெங்காய அறுவடை முடிந்த கையோடு லாவ்ர் பின்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அண்ணன் யெவ்சேயிடம் முந்தின நாள்தான் சொன்னான். எங்கள் பெய்ப்சி ஏரி உறைந்த பிறகு பனிக்கு அடியில் வலை விடுவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. பதினெட்டு வருஷமாக அண்ணன் ஒரு முனை, தம்பி ஒரு முனை.

"நான் வரேன்," என்றாள் யெவ்சேயின் மனைவி உஸ்தீன்யா.

யெவ்சே தேநீரை ஊதியபடி சிரித்தான். "நீயா? ரெண்டு வாளி தண்ணி தூக்கினாலே இடுப்பப் பிடிச்சுக்கிற."

"வேற யாரு இருக்கா உனக்கு?"

யாருமில்லை. அக்டோபர் முழுவதும் வெறும் வெங்காயப் பாத்தியில் அவள் பழகினாள். பத்துத் தப்படிக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து, அதுதான் பனியில் போட்ட துளை என்று வைத்துக்கொண்டார்கள். கயிறு கட்டிய நீளக் கழியைத் துளைக்குத் துளை கவைக்கோலால் தள்ளிக்கொண்டே போய், கடைசித் துளையில் வெளியே எடுத்து, அந்தக் கயிற்றால் வலையை உள்ளே இழுக்க வேண்டும்.

"கோணுது, கோணுது!" என்று படியில் உட்கார்ந்து யெவ்சே கத்துவான். "கழி பனிக்கு அடியில தொலைஞ்சுடுச்சுன்னா உங்கப்பனா வந்து தேடுவான்?"

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஃபெக்லா எட்டிப் பார்ப்பாள். "என்னடி, பாத்தியில மீன் கடிக்குதா?"

"கடிச்சா உனக்கும் ஒண்ணு தரேன். வாய மூடு."

நவம்பரில் கையுறையை நனைத்து வெளியே விறைக்கப் போட்டு, அதை மாட்டிக்கொண்டே கழியில் கயிற்றை முடிச்சுப் போடப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. கட்டைவிரலையும் உள்ளங்கையையும் வைத்தே இறுக்கும் ஒரு முடிச்சை அவளாகவே கண்டுபிடித்தாள். யெவ்சே அதை இழுத்து இழுத்துப் பார்த்தான். நழுவவில்லை.

"லாவ்ர் போடுறத விட நல்லாருக்கு," என்றான்.

அன்று முழுக்க அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சமையலறையில் குளிர்கால வேலைக்குக் கூப்பிட்டபோது, "ஏரிக்குப் போறேன்" என்று மறுத்துவிட்டாள்.

ஜனவரியில் பனி ஆளைத் தாங்கும் அளவுக்குத் தடித்தது. ஏரியில் இறங்குவதற்கு முந்தின நாள் லாவ்ர் திரும்பி வந்து நின்றான். வேலையிடத்தில் இரும்புச் சட்டம் விழுந்து வலது கையில் மூன்று விரல் நசுங்கியிருந்தது.

காலையில் உஸ்தீன்யா பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பனிவண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் லாவ்ர்.

"அவன் வந்துட்டான்ல," என்றான் யெவ்சே, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆம்பள இருக்கிறப்ப நீ வந்து நின்னா ஊர் சிரிக்கும்."

"மூணு மாசமா சிரிச்சுதே, அப்ப உனக்குக் காது கேக்கலையா?"

"சாயங்காலம் மீன் வரும். பெட்டியெல்லாம் கழுவி வை."

மீன் வரவில்லை. லாவ்ர் போட்ட முடிச்சு நழுவி, கழி பனிக்கு அடியில் எங்கோ காணாமல் போய்விட்டது. யெவ்சே தொப்பியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். இனி தன்னைத்தான் கூப்பிடுவான் என்று நினைத்து அடுப்பருகே நின்றாள் உஸ்தீன்யா.

"அவனுக்கு உன் முடிச்சச் சொல்லிக் குடு," என்று சொல்லிவிட்டு யெவ்சே படுக்கப் போனான்.

லாவ்ர் கையை மேஜைக்கு அடியில் மறைத்தான். "அண்ணி, நீங்களே போயிருக்கலாம்."

"அத உங்கண்ணன்கிட்ட சொன்னியா?"

அவன் இடது கையால் கயிற்றை அவள் பக்கம் நகர்த்தினான்.

தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமலில்லை. கயிற்றை எடுத்ததும் கை சரியாகத்தான் போட்டது. கட்டைவிரல் இங்கே, உள்ளங்கை இங்கே, இழு. நாலாம் தடவை லாவ்ருக்கு வந்துவிட்டது.

"ஆச்சா?" என்று படுக்கையிலிருந்து கேட்டான் யெவ்சே.

"ஆச்சு."

மறுநாள் ஒன்பது பெட்டி வந்தது. "தம்பி கைக்குப் பழைய பழக்கம் திரும்பிடுச்சு!" என்று வேலிக்கு மேலாக ஃபெக்லாவிடம் கத்திச் சொன்னான் யெவ்சே. உஸ்தீன்யா கொட்டகையில் குந்தி, முதல் மீனின் வயிற்றைக் கீறினாள். இருட்டும்வரை வீட்டுக்குள் வரவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.