மாதாவின் முதுகு

கோவை கணபதியில் மரக்கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சாவுக்கு ஆகாத ஒரே ஜென்மம் யோஹான். ஜெர்மனியிலிருந்து ஒரு சர்ச்சுக்குப் பீடம் செதுக்க வந்தவன், இங்கேயே பட்டறை போட்டு, கோவைச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் புனிதர்களைச் செதுக்கித் தள்ளினான். தமிழும் கற்றுக்கொண்டான்; அதுதான் வினை. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்க, ஹம்சாவின் தேக்கை முகர்ந்து பார்த்து, "அடுப்புக்கு நல்லாருக்குங்க பாய்" என்றான். ஹம்சா அதை மறக்கவில்லை.

சூலூர் தறி முதலாளி அங்கப்பனுக்கு ஒரு வேண்டுதல். மகன் பிழைத்தால் முழுத் தேக்கில் மாதா சிலை. மகன் பிழைத்தான். மரம் ஹம்சா கடையது, உளி யோஹானுடையது. ஹம்சாவையும் கூட்டிக்கொண்டு, சிலையை வண்டியேற்ற யோஹானின் பட்டறைக்கு வந்த அன்று, அங்கப்பன் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி மாதாவின் இடுப்பைத் தட்டிப் பார்த்தார். டொக்கென்று கேட்டது.

"ஏனுங்க பாய், பொந்து மரத்தை என் தலைல கட்டிப்போட்டீங்களா?"

இந்தப் பேச்சு வெளியே போனால் ஹம்சாவால் ஒரு வாசற்கால் நிலவுகூட விற்க முடியாது.

யோஹான் சிலையைத் திருப்பி முதுகுப் பலகையைக் கழற்றினான். உள்ளே தோணி மாதிரிக் குடைந்திருந்தது. "நான்தானுங்க கொடைஞ்சேன். நடுமரம் காயறப்ப இழுக்கும். உட்டா வெயில்ல மூஞ்சி வெடிச்சுப்போடும். எங்கூர்ல சாமிக்கெல்லாம் இப்படித்தானுங்க."

"மரத்தோட வைரத்தைத் தோண்டி என்ன பண்ணுன?" என்றார் ஹம்சா.

"டீ போட்டேனுங்க. நல்லா எரிஞ்சுது."

நடுமரம் வெடிக்கும் என்பது ஹம்சாவுக்கும் தெரியும். விட்டம் அறுக்கும்போது அவரே அதை ஒதுக்குகிறவர்தான். அந்த டீதான் பொறுக்கவில்லை.

"அங்கப்பண்ணா, எம் மரத்துல பழுதில்லீங்க. பழுது இந்தாளுகிட்ட. முழுக்கட்டையா செதுக்கச் சொல்லுங்க, கல்லாட்டம் நிக்கும். நான் பொறுப்பு."

வேறொரு ஆசாரி, அதே கடையின் தேக்கில், முழுசாக ஒரு மாதா செய்தார். சித்திரை வெயிலில், சர்ச் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், நெற்றியிலிருந்து தாடைவரை வெடித்தது. விரலை விடலாம்.

மறுநாள் அங்கப்பன் கடைக்கு வந்தார். "பொறுப்புன்னீங்களே பாய். மரமே கோளாறுங்கறாங்க ஜனங்க."

நிலவு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நழுவினார்கள். ஹம்சா அங்கப்பனைக் கையோடு யோஹானின் பட்டறைக்கு இழுத்துப் போனார். மூலையில், அங்கப்பன் வேண்டாமென்று விட்டுப்போன பழைய மாதா, முகத்தில் மயிரிழைக் கீறல் இல்லாமல் நின்றாள்.

"தொரை, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. எம் மரத்துல பழுதா?"

யோஹான் உளியைத் துடைத்து வைத்தான். "மரத்துல பழுதில்லீங்க."

ஹம்சாவுக்கு மூச்சு வந்தது.

"பழுது பாயோட வாயிலதானுங்க."

அங்கப்பன் சிரிக்க ஆரம்பித்தவர், குடைந்த மாதாவை வண்டியேற்றி, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அதைச் சொல்லிக்கொண்டே சூலூர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் நிலவு வாங்க வந்தவரிடம் ஹம்சா, "இது பாருங்க, அருமையான..." என்று ஆரம்பித்தார்.

"மரம் நல்லாருக்கும், தெரியுமுங்க பாய். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க."