முப்பத்து மூன்றாவது விநாடி

இஸ்திரிப் பெட்டி காலரைத் தாண்டிக் கீழே இறங்கியபோதுதான் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை என்பதை அவள் பார்த்தாள். பட்டன் இருந்த இடத்தில் நூல் இழை இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. பீரோவைப் புரட்டி, இருப்பதிலேயே நல்லதென்று எடுத்த சட்டை இது. மூன்று மணிக்குள் துணி கொண்டுவந்தால்தான் நாலு மணிக்கு உடம்பைத் தர முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முழுக்கைச் சட்டையாக, கழுத்துவரை மூடுகிற மாதிரி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஊரில் இருக்கிற தையல் மெஷினையெல்லாம் ஓடவைக்கிற மனுஷனுக்குச் சொந்தச் சட்டையில் பட்டன் நிற்காது. இதைச் சொல்லிச் சொல்லியே அவரை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள். இன்றைக்கும் பழக்கதோஷத்தில் வாய்வரை வந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மிச்சத்தையும் தேய்த்து முடித்து, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

ஹாலில் அக்கம்பக்கத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகளை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். அவள் சட்டையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னறைக்குப் போனாள். அதுதான் அவருடைய பட்டறை. நூலும் ஊசியும் பட்டனும் அங்கேதான் இருக்கும்.

மேஜைமேல் ஒரு மெஷின் வயிற்றைத் திறந்தபடி கிடந்தது. பெல்ட் இல்லை. நேற்று காலை பத்து மணிக்கு அந்த பெல்ட்டை வாங்கத்தான் உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போனார். பத்தே முக்காலுக்கு அந்தத் தெருவில் ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். செத்தது நாலு பேர். இன்னும் யார் பெயரையும் வெளியில் சொல்லவில்லை.

பட்டன் டப்பாவை இழுத்தபோது கை பட்டு டேப்லெட் விழித்துக்கொண்டது. அவருடைய குரூப் திறந்தே இருந்தது.

தையல் மெஷின் குரூப். பதினோராயிரம் பேர். எந்த ஊர், என்ன பெயர் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. முறிஞ்ச ஊசி, ரெட்டை நூல், கத்தரி என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். மெஷின் மக்கர் பண்ணினால் அது ஓடுகிற சத்தத்தைப் பதிந்து போடுவார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறது, பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, ஒன்றுமில்லை வெறும் சோம்பேறித்தனம் எண்ணெய் போடு என்று சொல்வார்கள். கடைசியில் இவர் வந்து சொல்வார். இவர் சொன்னால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. அதனால் இவருக்குக் ‘காது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். குரூப்பை நடத்துகிற மூன்று பேரில் இவரும் ஒருவர்.

"ஊர் மெஷின் சத்தமெல்லாம் கேக்குது, நான் கூப்பிடறது மட்டும் காதுல விழாது" என்று அவள் சொல்வாள். அதுவும் விழாத மாதிரியே இருப்பார்.

அவருடைய கடைசிச் செய்தி நேற்று ஒன்பது ஐம்பதுக்கு ரெட்டை நூலுக்குப் போட்டது. ‘உங்க மெஷின் சத்தம் கேட்டேன்மா. ஒரு சந்தேகம் இருக்கு. கடைக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்.’

வந்து சொல்றேன். அவள் அந்த இரண்டு வார்த்தையையும் விரலால் தொட்டாள்.

கீழே ‘டீ பிரேக்’ என்று இன்னொரு அறை. மெஷின் தவிர மற்ற எல்லாப் பேச்சும் அங்கேதான். பிள்ளைகளின் மார்க், பூனைப் படம், மழை வருமா, யார் ஆட்சி. போன மாதம் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது இரண்டு நாள் சண்டை போட்டார்கள். ஆளாளுக்குத் துப்பாக்கி இருந்தால் எவனும் வாலாட்ட மாட்டான் என்று ஒரு கட்சி, ஒருத்தன் கையிலும் இருக்கக் கூடாது என்று ஒரு கட்சி. இவர் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி போட்டார். ‘நல்லா ஓடினாதான் பிரச்சினைங்கற ஒரே மெஷின் அது.’ எழுநூறு பேருக்குப் பிடித்திருந்தது. அவளிடம் காட்டினார். "சோறு ஆறுது" என்றாள் அவள்.

அந்த அறையில் இப்போது இருநூற்றுப் பதினாறு புதுச் செய்திகள் இருந்தன. தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தொட்டாள்.

முறிஞ்ச ஊசி நேற்று சாயங்காலம் ஒரு வீடியோ போட்டிருந்தான். நாற்பத்தொரு விநாடி. ‘படம் ஆடுது, ஒண்ணும் தெரியாது. எவனோ மாடில இருந்து எடுத்தது. சத்தத்தை மட்டும் கேளுங்க. என்ன துப்பாக்கி, எத்தனை ரவுண்டு, காது இருக்கறவங்க சொல்லுங்க.’

அதன்கீழே வரிசையாகப் பதில்கள்.

‘அஞ்சு.’

‘ஆறு. நாலாவது சுவத்துல பட்டு எதிரொலிக்குது, அதை விட்டுட்டீங்க.’

‘இடைவெளி ஒரே மாதிரி இருக்கு. கை நடுங்காதவன்.’

‘இதுக்குத்தான் லைசென்ஸ் வேணும்கறது.’

‘லைசென்ஸ் வாங்கியா சுட்டான்? போய் வேலையைப் பாருங்க.’

‘நான் திறக்கலைப்பா. திறக்கவும் மாட்டேன். எல்லாரும் ஒரு வேளை சாமி கும்பிடுங்க.’ இது ரெட்டை நூல்.

‘காது அண்ணன் எங்க? அவர் கேட்டா துப்பாக்கி எந்த வருஷம் செஞ்சதுன்னே சொல்லிடுவாரு.’

‘அண்ணே, சீக்கிரம் வாங்க. பந்தயம் கட்டியிருக்கோம்.’

அவர்களைச் சபிக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அவர்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். எந்தச் சத்தம் வந்தாலும் எந்தப் பாகம் என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இன்னும் கீழே முறிஞ்ச ஊசியே மறுபடி எழுதியிருந்தான். ‘முப்பத்து மூணாவது விநாடில கவனிங்க. எல்லா வெடியும் முடிஞ்ச அப்புறம் ஒரு ஆள் குரல் வருது. யாரையோ கூப்பிடற மாதிரி. என்ன பேருன்னு பிடிபடல.’

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உடனே போய்விட்டார் என்று போலீஸ்காரர் சொன்னார். உடனே, வலியே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆளை அடையாளம் காட்டப் போன கொழுந்தன் வந்து, "உடனேதான் அண்ணி" என்றான். நேற்றிலிருந்து அவள் கேட்டபோதெல்லாம் அதையே சொன்னான், கேட்காதபோதும் சொன்னான். சாயம் போகாது என்று துணிக்கடைக்காரன் சொல்வானே, எல்லோரும் அந்தக் குரலில்தான் சொன்னார்கள். அவள் ஒருத்தரையும் நம்பவில்லை. செத்துப்போனது செத்துப்போனதுதான், அதை மாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். கீழே கிடந்து கூப்பிட்டாரா, கூப்பிட்டு யாரும் வராமல் போனாரா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆணியில் அவருடைய ஹெட்போன் தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டாள். அவருடைய தலைக்குச் சரியாக இருந்தது அவளுக்குத் தொளதொளவென்று இறங்கியது. வீடியோவின் அடியிலிருந்த கோட்டில் விரலை வைத்து முப்பத்து மூன்றுவரை நகர்த்தினாள். இனி ஒரு தட்டு தட்டினால் போதும். அவருடைய குரலை ஆயிரம் பேருக்கு நடுவில் அவளால் பிரித்துச் சொல்ல முடியும். அதுதான் பயம். விரல் கண்ணாடிக்கு ஒரு நெல்லளவு மேலே நின்றது. இறங்க மாட்டேன் என்றது.

அதற்குள் கீழே புதிதாக ஒரு வரி வந்தது.

‘டேய், பச்சைப் புள்ளி எரியுது. காது அண்ணன் வந்தாச்சு.’

‘வாங்க அண்ணே. எங்க போயிட்டீங்க நேத்துலேருந்து?’

‘கேட்டீங்களா? அஞ்சா ஆறா? தீர்ப்பு சொல்லுங்க.’

‘முதல்ல அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க.’

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு விரலால் தேடித் தேடி எழுதினாள்.

‘நான் அவர் மனைவி.’

‘அண்ணி வணக்கம். அண்ணனை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?’

‘அந்த வீடியோல செத்த நாலு பேர்ல அவர் ஒருத்தர். நேத்து பெல்ட் வாங்கப் போனார்.’

யாரோ எழுதுகிறார் என்று மூன்று புள்ளி துடிக்கும், நின்றுவிடும். மறுபடி துடிக்கும். பிறகு மேலேயிருந்த செய்திகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. ‘அஞ்சு’ போயிற்று. ‘ஆறு’ போயிற்று. பந்தயம் போயிற்று. போன இடத்திலெல்லாம் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’, ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று திரை முழுக்க நின்றது. முப்பத்து மூன்றாவது விநாடியைப் பற்றி எழுதியதும் போயிற்று. வீடியோவை மட்டும் எடுக்கப் போட்டவனுக்குக் கை வரவில்லையோ, மறந்துவிட்டானோ, அது அப்படியே இருந்தது.

‘அண்ணி மன்னிச்சுடுங்க’ என்று முறிஞ்ச ஊசி எழுதினான். தொடர்ந்து கைகூப்பிய படங்கள் வர ஆரம்பித்தன.

அவள் எழுதினாள். ‘கை கூப்ப வேண்டாம். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்தக் குரல் அவரோடதா இல்லையான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க. என்னால முடியல. மெஷின் பத்தி அவர் பேசிப் போட்ட பதிவெல்லாம் கேட்டிருக்கீங்க, அவர் குரல் உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டாரா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க. உங்க எல்லாரையும் கெஞ்சிக் கேக்கறேன்.’

கைகூப்பிய படங்களும் நின்றுபோயின. ஹாலில் யாரோ இருமினார்கள். அவள் பட்டன் டப்பாவைத் திறந்து, வெள்ளையில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். ஊசியை எடுத்து நூலை நாக்கில் நனைத்தாள்.

திரையில் ‘ரெட்டை நூல் உள்ளே வந்தார்’ என்று வந்தது.

ஊசிக் காதில் நூல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை போவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘கேட்டேன் தங்கச்சி. முழுசா ரெண்டு வாட்டி கேட்டேன். அது வயசான யாரோ ஒருத்தர் குரல். உங்க வீட்டுக்காரர் குரல் எனக்கு நல்லாத் தெரியும். அது அவர் இல்லை. மனசைப் போட்டு உழப்பாதீங்க.’

அவள் அதைப் படித்தாள். உள்ளே வந்ததிலிருந்து பத்துப் பதினைந்து விநாடிகூட ஆகியிருக்காது. இவ்வளவையும் எழுதவே அது போதாது. எழுதி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். நாற்பத்தொரு விநாடியை எங்கே இரண்டு வாட்டி கேட்டாள்? திறக்கவே மாட்டேன் என்றவள் அல்லவா.

ஒரு நிமிஷம் அவளுக்கு அந்த முகம் தெரியாத பெண்மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு, எங்கோ ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து, தப்பில்லாமல் வர வேண்டும் என்று அவள் இதை எழுதி எழுதிப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

‘நன்றி அக்கா’ என்று எழுதினாள். ‘இப்பதான் நிம்மதியா இருக்கு.’

எழுதிவிட்டு வீடியோமேல் விரலை அழுத்திப் பிடித்தாள். நீக்கவா என்று கேட்டது. குரூப்பை நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர்தானே, அவருடைய விரலுக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆம் என்றாள். ஊரில் இன்னும் ஆயிரம் இடத்தில் அது சுற்றிக்கொண்டிருக்கும். நாளைக்கோ அடுத்த வருஷமோ மகளின் கையில் வந்து விழும். இந்த மேஜையிலிருந்து மட்டும் போயிற்று.

பட்டனின் நாலு கண்ணிலும் நூலைக் குறுக்கே விட்டுச் சட்டையில் தைத்தாள். அறுந்துபோகாமல் இருக்க அடியில் மூன்று சுற்றுச் சுற்றினாள். இனி அறுந்தால் என்ன, அறாவிட்டால் என்ன. இருந்தாலும் நாலாவது சுற்றும் சுற்றி, நூலைப் பல்லால் கடித்தாள்.

"அண்ணி, வண்டி நிக்குது. சட்டை ரெடியா?"

கொழுந்தன் வாசற்படியில் நின்றிருந்தான். இரண்டு நாள் தாடி. நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. அவனிடம் மடிப்புக் கலையாமல் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"வலியே தெரிஞ்சிருக்காது அண்ணி. உடனேதான்" என்றான், அவள் எதுவும் கேட்காமலே.

"ஆமா தம்பி" என்றாள் அவள். "அவர் குரூப்புல கேட்டேன். ஒரு அக்கா அந்த வீடியோவ ரெண்டு வாட்டி கேட்டாங்களாம். அதுல கூப்பிடற குரல் அண்ணனோடது இல்லையாம். வேற யாரோ வயசானவராம்."

அவன் அவளையே பார்த்தான்.

"நெஜமாவா அண்ணி?" என்றான்.

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேற்றிலிருந்து அவனும் அந்த வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான்.

"நெஜமாதான்" என்றாள். "அவங்களுக்கு அவர் குரல் நல்லாத் தெரியும்."

மெஷின் கொண்டுவருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். கையிலிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதுகூட அவன் அழவில்லை. தோள் குலுங்கி அடங்கும்வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

பிறகு சட்டையை அவன் கையிலிருந்து மெதுவாக உருவினாள். காலரும் புதுப் பட்டனைச் சுற்றின இடமும் நனைந்து கசங்கியிருந்தன. மணி இரண்டு இருபது.

"ரெண்டு நிமிஷம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியை மறுபடியும் போட்டாள்.