வெறும் வயிற்றில் ஒரு பெயர் மாற்றம்

1.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது. என் அக்கா இயற்கை வைத்தியர் சங்கத்தின் தலைவி. சங்கத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று நினைத்தவள், புதுப் பெயர் கேட்டு என்னிடம் வந்தாள்.

"கதையெல்லாம் எழுதுறியே, ஒரு பேரு யோசிச்சுக் குடுடா."

யோசித்துக் கொடுத்தேன்: நலவாழ்வியல் வல்லுநர் பேரவை. அதற்குப் பிறகு என் காதில் விழுந்தவற்றால், யாருக்கும் எதற்கும் பெயர் வைக்கும் துணிச்சல் எனக்குப் போய்விட்டது. ஆகவே இந்தக் கதையில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. (இதை உத்தி என்று யாராவது பாராட்டினால் மறுக்க மாட்டேன்.)

2.

முதல் தொடக்கம்: "மண்டபத்தில் புயலுக்கு முந்தைய அமைதி" – விட்டுவிட்டேன். சங்கத்தின் பொதுக்குழு நடந்த அந்த மண்டபத்தில் அமைதி என்ற ஒன்றை நான் பார்க்கவே இல்லை.

இரண்டாவது: "மாற்றம் ஒன்றே" – முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது: "ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வைத்தியர், அந்தப் பக்கம் ஒரு வைத்தியர்." இது பரவாயில்லை. உண்மையும்கூட.

இந்தப் பக்கம் அக்கா. அந்தப் பக்கம், அவளோடு சேர்ந்து அந்தச் சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தவர். வயிற்று வலியோ, தூக்கமின்மையோ, மருமகளோடு மனஸ்தாபமோ, எது என்று வந்தாலும் முதலில் ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் கட்டிவிடுவார். அதனால் இந்தக் கதையில் அவர் மண்பட்டியார். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்புதான். இருவரும் சுவர் என்பார்கள். வெந்நீர்க் கொதிகலன் அக்கா பக்கம். குழைத்த மண் அவர் பக்கம். அவர் ஒரு தட்டுத் தட்டினால் வெந்நீர் போகும். அக்கா இரண்டு தட்டினால் மண் வரும். நாள் முழுக்க இந்தத் தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கும். நோயாளிகள் அதையும் சிகிச்சையில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

3.

இனிக் கட்டுரை மாதிரி கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாவிட்டால் சண்டை புரியாது.

பெயர் மாற்றம் கேட்டவர்களை முன்னின்று நடத்தியவர் சங்கத்தின் பொருளாளர். இளம்பெண், வேகமாகப் பேசுபவர். "இயற்கை வைத்தியர்னு சொன்னா மூலிகை சோப்பு இருக்கான்னு கேக்கறாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பேஷண்ட்டையாவது நம்மகிட்ட அனுப்புறாங்களா? இந்தப் பேரோட இருந்தா நாங்க தனியா போயிடுவோம்" என்றார். சங்கத்தில் பாதிப் பேர் அவர் பின்னால் இருந்தார்கள். ஆகவே இது வெறும் மிரட்டல் இல்லை.

எதிர்த்தவர்கள் மண்பட்டியார் பின்னால். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "நலவாழ்வியல்னா மெத்தை விக்கிற கடை மாதிரி இருக்கு."*

அக்கா நடுவில்: மனசு மாற்றத்தின் பக்கம், பழக்கம் மண்பட்டியார் பக்கம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நடுவில் இருப்பது கிழியும். இதற்கு உவமை தேடவில்லை, கிழியும் என்பதே போதும்.

* பெயர் வைத்தவன் என்ற முறையில், இந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

4.

இங்கே ஒரு சிக்கல். கதைக்கு வில்லன் வேண்டும். மண்பட்டியாரை வில்லனாக்கிப் பார்த்தேன்: பழமைவாதி, பிடிவாதக்காரர், மீசையை முறுக்குபவர். அந்தப் பக்கத்தை அக்கா படித்தாள்.

"அவருக்கு ஏதுடா மீசை?"

"கதைக்காக வெச்சேன்."

"எடு."

எடுத்துவிட்டேன். மீசை போனதும் வில்லத்தனமும் போய்விட்டது. அந்த மனிதர் ஏன் எதிர்க்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாத இடத்தில் மீசை ஒட்டுவது என் தொழிலில் சகஜம்.

5.

பொதுக்குழு. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: பொதுக்குழு அன்று எல்லோரும் உண்ணாநோன்பு. எலுமிச்சை பிழிந்த தேன் தண்ணீர் மட்டும். வயிறு காலியானால் புத்தி தெளியும், பேச்சும் குறையும் என்பது ஆரம்பித்தவர்களின் நம்பிக்கை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பேச்சு அந்தப் பத்தில் இல்லை என்பதை அன்று கண்டுகொண்டேன். முதலில் பறந்தது மரியாதைதான்.

நண்பகல் நெருங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பொருளாளர் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே பேசினார். மண்பட்டியார் கண்ணை மூடிப் புருவத்தைத் தேய்த்தார். வரிசை வரிசையாக எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் என்னக்கா?" என்று காதோடு கேட்டேன்.

"நோன்பு அன்னிக்கு இந்த நேரத்துல தலை வலிச்சா ஒரே அர்த்தம்தான்" என்றாள், தன் நெற்றியைத் தேய்த்தபடி. "தினமும் காப்பி குடிக்கிற உடம்பு."

நோயாளிகளைக் காப்பியை விடச் சொல்லும் மண்டபம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்து நோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தொழில் தர்மம்.

கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். சரிபாதி. சரிபாதி வந்தால் தலைவி தன் ஓட்டைப் போட்டு முடிக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா எழுந்தாள்.

"அரை மணி நேரம் இடைவேளை."

6.

[இந்தப் பகுதியில் வரும் காப்பியை எடுத்துவிடச் சொல்லி அக்கா உத்தரவு. "என் பேஷண்ட்டுங்க படிப்பாங்கடா." 'ஒரு சூடான பானம்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். போலீசில் கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருந்தது. காப்பியே இருக்கட்டும்.]

மண்டபத்துக்குப் பின்தெருவில் ஒரு காப்பிக் கடை. அக்கா விறுவிறுவென்று போனாள், நான் பின்னால். உள்ளே நுழைந்தால் பாதிச் சங்கம் அங்கே இருந்தது. இரண்டு கட்சியும்தான். எல்லோரும் சுவரைப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பொருளாளர் தூணுக்குப் பின்னால்.

"வாங்கம்மா" என்றார் கடைக்காரர். "இன்னைக்கு உங்க மீட்டிங்னு தெரியும். பால் கூடுதலா வாங்கி வெச்சிருக்கேன்."

காலியாக இருந்தது ஒரே நாற்காலி. மண்பட்டியாருக்கு எதிரில். (நான் இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு வசதியாக ஒரு நாற்காலியைப் போட்டிருக்க மாட்டேன்.) அக்கா உட்கார்ந்தாள். நான் கல்லாவை ஒட்டி நின்றேன்.

"எத்தனை வருஷமாண்ணே?" அவர் டம்ளரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆரம்பத்திலேருந்து. நீ?"

"நானும்தான்."

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை.

"பேரு எதுவா இருந்தா எனக்கென்னம்மா?" என்றார் அவர். "மெத்தைக் கடைன்னே வெச்சுக்கோ. ஆனா பேரை மாத்தப் போறோம்ங்கிறது எனக்கு எப்படித் தெரிஞ்சுது? குரூப்புல. எல்லாருக்கும் வந்த மாதிரி எனக்கும் போன்ல வந்துச்சு. நீ அதை அனுப்பும்போது நான் அந்தப் பக்கம் மண்ணு பெசஞ்சிட்டிருந்தேன். சுவரைத் தட்டியிருக்கலாம்ல?"

அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"பயமா இருந்துச்சுண்ணே. நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். உங்களைத் தாண்டி எதையும் செஞ்சு எனக்குப் பழக்கமில்ல. விடக் கூடாதுன்னுதான் சொல்லல."

"சரி" என்றார். அது எந்த வகைச் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நான் தூக்குன கையை இறக்க மாட்டேன்."

"தெரியும்."

"நீ உன் கையைத் தூக்கு. என் மூஞ்சியப் பாக்காம தூக்கு."

7.

மாற்று முடிவுகளை இந்த இடத்தில் வைப்பது மரபு. அக்கா எதிராக ஓட்டுப் போடுகிறாள், இளையவர்கள் வெளியேறுகிறார்கள் – எழுதினேன், பொய்யாக இருந்தது. அக்கா ராஜினாமா செய்கிறாள் – ராஜினாமா என்பது கதை எழுதுகிறவனின் சோம்பல்.

நடந்தது இது. அக்கா கையைத் தூக்கினாள். பெயர் மாறியது. தலைவலி போன மண்டபம் நிதானமாகக் கை தட்டியது. அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது அவர் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அக்கா வழியெல்லாம் தரையைப் பார்த்தபடி வந்தாள். ஜெயித்தவர்கள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

8.

திங்கட்கிழமை காலை நான் சிகிச்சை நிலையத்தில் இருந்தேன். கட்டிலில் ஒரு நோயாளி வயிற்றைத் திறந்துகொண்டு மண்ணுக்குக் காத்திருந்தார். அந்தப் பக்கம் விளக்கு எரிகிறதா என்று பலகைக்கு மேலே எட்டிப் பார்க்கலாம். அக்கா பார்க்கவில்லை, என்னையும் பார்க்க விடவில்லை. தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். பொதுக்குழுவில் தூக்கியதைவிட அது கனமாக இருந்தது என்பது தெரிந்தது.

இரண்டு தட்டுத் தட்டினாள்.

மண் வந்ததா, வரவில்லையா என்பது எனக்குத் தெரியும், நோயாளிக்கும் தெரியும். சொல்வதாக இல்லை. ஒரு சங்கத்துக்கு நான் வைத்த பெயரே இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது. ஒரு சினேகத்துக்கு முடிவையும் நான் வைக்கப் போவதில்லை. நீங்கள் பொதுக்குழு கூட்டிக்கொள்ளுங்கள். வந்தது என்பவர்கள் கை தூக்கட்டும், வரவில்லை என்பவர்களும் தூக்கட்டும். சரிபாதி வந்தால் என் ஓட்டு என்னிடம் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். பின்தெருவில் கடை திறந்துதான் இருக்கிறது.